பெயருக்கு அப்பால்: புத்தளக் கரையில் மரங்களையும் அவற்றின் நோய்களையும் இனங்காணல்

1997ஆம் ஆண்டின் இறுதியில் கற்பிட்டிக் குடாநாட்டுத் தென்னைகளில், குரும்பையின் காம்படியிலிருந்து வெளிறிய முக்கோணத் தழும்பு ஒன்று இறங்குவது கவனத்துக்கு வந்தது. தழும்பு நாளடைவில் பழுப்பேறி, தோல் வெடித்து, காய் சூம்பிக் கோணலாகும். பல குரும்பைகள் முற்றுமுன்பே உதிரும். தென்னை இந்தக் கரையின் பழைய மரம். அதன் பாளை, மட்டை, வேர் எல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவை. தழும்பு மட்டும் புதிது. உரக்குறை, வறட்சி, பூஞ்சை, பூச்சி என்று அதற்குப் பல காரணங்களை ஊகிக்க இடமிருந்தது. ஒவ்வொரு ஊகமும் வெவ்வேறு மருந்தை நோக்கி இட்டுச்செல்லும்.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி அங்கிருந்துதான் எழுகிறது. அறியாத செடியோ, அறிந்த மரத்தில் அறியாத நோயோ எதிர்ப்பட்டால், அது இன்னதென்று எதைக்கொண்டு முடிவு செய்வது? அப்படி முடிவு செய்தபின் குறை தீர்ந்துவிடுமா? இதற்குக் கரையோர மக்களின் பட்டறிவு ஒரு விடை தந்திருக்கிறது. முன்னூறு ஆண்டுகளுக்கு மேலான தாவரவியல் இன்னொன்று தந்திருக்கிறது. நுண்ணோக்கியும் மரபணு ஆய்வும் மூன்றாவதைச் சேர்த்தன. நிலத்தையும் நீரையும் முதலில் பார் என்னும் சூழலியலாளர்களின் விடை நான்காவது. இவற்றில் எது சரி என்று வாதிடுவது வழக்கம். ஆனால் புத்தளம் மாவட்டத்துக் கரையின் வரலாற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது, இவை ஒரே கேள்விக்கான நான்கு விடைகளாகத் தோன்றவில்லை. இது எதற்கு உதவும், இது எந்த இனம், இதை வருத்துவது எது, இது இங்கே வாழுமா என்பவை தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்குரியதாகக் கொண்ட இடங்களில்தான் பெரிய தோல்விகள் நேர்ந்திருக்கின்றன.

இந்த ஆய்வுக்கு இந்தக் கரை பொருத்தமானது. தெற்கே வென்னப்புவ, லுணுவில, மாரவில பக்கம் அடர்ந்த தென்னந்தோப்புகள். நடுவே சிலாபம், உடப்பு, முந்தல் என்று களப்புகளும் இறால் பண்ணைகளும். வடக்கே கற்பிட்டி, பாலாவி உப்பளங்கள், கலா ஓயாவின் முகத்துவாரம், அதற்கப்பால் வில்பத்துவின் முட்காடு. தெற்கிலிருந்து வடக்கே போகப்போக மழை குறைந்து உப்பு கூடுகிறது. ஓரிடத்தில் சரியான தாவர அறிவு, சிறிது தூரம் தள்ளி அப்படியே பொருந்துவதில்லை.

கரையோர மக்களின் அறிவு

மிகப் பழைய விடை, மரத்தோடு வாழ்பவரைக் கேள் என்பது. கண்டற்பட்டையை அவித்தெடுத்த சாயத்தில் பருத்தி வலையைத் தோய்த்தால் அது உப்புநீரில் உக்காமல் நெடுநாள் உழைக்கும் என்பது மீனவர் கண்டறிந்த உண்மை. தில்லை மரத்தை வெட்டும்போது அதன் பால் கண்ணில் தெறித்தால் கடும் எரிச்சலும் தற்காலிகமாகப் பார்வையிழப்பும் நேரும் என்பதும் அப்படியே. எந்த விறகு புகையாமல் எரியும், எந்தக் கம்பு சேற்றில் நின்று பிடிக்கும், எந்த மரத்தடியில் நண்டு கிடைக்கும் என்ற அறிவெல்லாம் உழைப்பிலிருந்து வந்தது. அதற்கு விலை கொடுத்தவர்கள் அதைச் சேர்த்துவைத்தவர்களே.

இதன் குறையாகப் பொதுவாகச் சொல்லப்படுவது பெயர்க் குழப்பம். கண்டல் என்ற சொல் ரைசோபோரா மரத்தையும் குறிக்கும், சேற்றுக்காடு முழுவதையும் குறிக்கும். பிச்சாவரத்தில் சுரபுன்னை என்று வழங்குவது இங்கே கண்டல். தமிழகக் கரையின் வெண்கண்டலோ முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த அவிசெனியா. இது உண்மையான இடர்ப்பாடுதான், ஆனால் இதை மிகைப்படுத்த வேண்டியதில்லை. வலைக்குச் சாயம் எடுப்பவருக்குப் பட்டையில் துவர்ப்பு உள்ள மரங்களெல்லாம் ஒரு வகை. அந்தத் தேவைக்கு அந்தப் பகுப்பு பிழையற்றது. பிழை நேர்வது, அதே பெயரை வைத்துக்கொண்டு எந்த இனத்தை எங்கே நடலாம் என்று திட்டமிடும்போது.

இதைவிட ஆழமான குறைகள் இரண்டு உண்டு. புதிதாக வந்த உயிருக்குப் பட்டறிவில் இடமில்லை; 1997இன் தழும்பைப் பற்றிக் கேட்க முன்னனுபவம் உள்ள முதியவர் எவரும் இருந்திருக்க முடியாது. அடுத்து, பட்டறிவு அது பிறந்த தொழிலோடு சேர்ந்தே தேய்கிறது. நைலான் வலை வந்தபின் பட்டைச் சாயம் தேவையற்றுப்போனது. எந்தப் பட்டை நல்லது என்ற நுணுக்கமும் அதோடு போகத் தொடங்கியது. உள்ளூர் அறிவைப் போற்றி எழுதுவோர் பலர் இந்தத் தேய்வைப் போதிய அளவு கணக்கில் எடுப்பதில்லை.

தாவரவியலின் பெயரும் அதன் பயனும்

இரண்டாவது விடை, உலகம் முழுவதும் ஒன்றாக வழங்கும் பெயரைக் கண்டுபிடி என்பது. இலங்கையில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1672இல் இங்கு வந்த பவுல் ஹெர்மன், கொழும்பை அண்டிய பகுதிகளில் செடிகளைச் சேகரித்து உலர்த்தி எடுத்துச்சென்றார். அந்தச் சேகரத்தை அடிப்படையாகக் கொண்டே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். 1821இல் பேராதனைத் தோட்டம் அமைந்தது; 1824இல் அலெக்சாண்டர் மூனின் பட்டியல் வெளிவந்தது. ஹென்றி டிரைமன் 1893இல் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைநூல், அவர் 1896இல் இறந்தபின் ஜோசப் ஹூக்கரால் 1900இல் நிறைவு பெற்றது. டிரைமன் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் இயன்றவரை பதிந்தார் என்பதை இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும். பின்வந்த ஆய்வாளர்கள் பலருக்கு இரு அறிவுகளையும் இணைக்கக் கிடைத்த பாலம் அது.

இந்த நிலைப்பாட்டின் மிக வலிய சான்றை நாகதாளி தருகிறது. அமெரிக்காவிலிருந்து வந்து வறண்ட கரைகளில் முட்காடாகப் பரவிய கள்ளி இனம் அது. சாயம் எடுக்கப் பயன்படும் கொச்சினீல் பூச்சியை இந்தியாவில் வளர்க்க விரும்பி, 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சிகளைக் கொண்டுவந்தார்கள். வந்ததோ சாயப்பூச்சி அன்று, அதன் உறவினமான வேறொரு பூச்சி. சாயத்துக்கு அது உதவவில்லை. ஒரு வகைக் கள்ளியை மட்டும் தின்று அழித்தது. தவறான அடையாளத்தால் விளைந்த இந்த நன்மையைக் கண்டு, 1865 அளவில் அதே பூச்சியை இலங்கைக்கும் கொண்டுவந்தனர். களையை ஒடுக்க ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வேண்டுமென்றே பூச்சியைக் கொண்டுசென்ற முதல் நிகழ்ச்சியாக அது பேசப்படுகிறது. ஆனால் நாகதாளி என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கள்ளி இனங்கள் இருந்தன. முதற்பூச்சி ஒன்றைத் தின்றது, மற்றதை விட்டுவைத்தது. விடுபட்ட இனம் எது, அதைத் தின்னும் பூச்சி எது என்பவை தெளிவான பின்னர், 1924இல் இரண்டாவது பூச்சி கொண்டுவரப்பட்டது. கள்ளியையும் பூச்சியையும் இனம்வரை பிரித்தறிந்திராவிட்டால் அந்தத் தீர்வுக்கு வழியே இருந்திருக்காது.

தென்னையிலும் இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1970 அளவில் இலங்கையின் மேற்குக் கரைத் தென்னைகளில், ஓலையின் உட்சதையைச் சுரண்டித் தின்னும் ஒரு வண்டு தோன்றியது. அது எந்த இனம் என்று தெரிந்ததும், அது தென்கிழக்காசியாவுக்குரியது என்பதும் அங்கே அதற்கு இயற்கை எதிரிகள் உண்டு என்பதும் சேர்ந்தே தெரிந்தன. சிங்கப்பூரிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து விட்டார்கள், வண்டு அடங்கியது. பெயர் என்பது ஒரு முகவரி. அதைக்கொண்டு பகைவனின் ஊரையும், அங்கே அவனுக்குள்ள பகையையும் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

இத்தனை வலிமை இருந்தும் இந்த விடைக்கு எல்லைகள் உண்டு. பெயரிடலுக்குப் பூவும் காயும் வேண்டும். நடுகைக்கு வரும் நாற்றிலோ, நோயுற்றுப் பூக்காமல் நிற்கும் மரத்திலோ அவை இருப்பதில்லை. நூற்பட்டியல்களும் ஒன்றையொன்று பார்த்துப் பிழைகளைக் கடத்தியிருக்கின்றன. இலங்கையின் கண்டல் இனங்கள் எத்தனை என்பதில் முந்தைய பட்டியல்கள் ஒத்துப்போகவில்லை. 2002இல் ஜயதிஸ்ஸவும் பெல்ஜியத்து ஆய்வாளர்கள் இருவரும் களத்துக்குச் சென்று அவற்றைச் சரிபார்த்தனர். ஏறத்தாழ இருபது உண்மைக் கண்டல் இனங்களையும், அவற்றோடு வளரும் துணை இனங்களையும் பிரித்துக் காட்டினர். இந்தப் பிரிப்பு ஏட்டு விவகாரமன்று. உண்மைக் கண்டல் அழிந்த இடத்தில் துணை இனங்கள் பெருகினால், தூரத்திலிருந்தும் செய்மதிப் படத்திலும் காடு பச்சையாகவே தெரியும். அதற்குள் நடந்த அழிவு கண்ணுக்குப் படாது.

நோயின் பெயர்

கற்பிட்டித் தழும்புக்குக் காரணம், கால் மில்லிமீட்டர் அளவே நீளமுள்ள, புழுவைப்போன்ற, நான்கே கால்கள் கொண்ட ஒரு சிற்றுண்ணி. குரும்பையின் தலையை மூடியிருக்கும் இதழ்களுக்கும் காய்க்கும் இடையிலுள்ள இடுக்கில் அது கூட்டமாக வாழ்ந்து இளந்தோலை உறிஞ்சுகிறது. மெக்சிக்கோவின் குவெரேரோ பகுதியிலிருந்து சேகரித்த மாதிரிகளைக் கொண்டு 1965இல் இது முதன்முதலில் விவரிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மேற்கு ஆப்பிரிக்காவிலும், 1997இல் இலங்கையிலும், 1998இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலும் காணப்பட்டது. தழும்பு இதழ்மூடிக்கு அடியிலிருந்து முக்கோணமாகத் தொடங்குவது இதன் தனி அடையாளம். மூடியைப் பெயர்த்துக் கைவில்லையால் பார்த்தால் ஐயம் தீரும்.

ஆனால் ஐயம் தீர்ந்ததோடு நோய் தீரவில்லை. மேலே சொன்ன பெயர்வாதத்துக்கு எதிராக எழக்கூடிய மிகக் கூர்மையான மறுப்பு இதுதான். சிற்றுண்ணி இடுக்குக்குள் இருப்பதால் தெளிக்கும் மருந்து அதை எளிதில் எட்டுவதில்லை. உயர்ந்த மரத்தில் குலைகுலையாகத் தெளிக்க ஏறவும் வேண்டும், மீண்டும் மீண்டும் தெளிக்கவும் வேண்டும். தண்டிலோ வேரிலோ நஞ்சை ஏற்றினால் அது இளநீருக்குள் போகுமா என்ற அச்சம் வருகிறது. 1928இல் தொடங்கிய ஆய்வுத் திட்டத்திலிருந்து வளர்ந்து, இதே மாவட்டத்து லுணுவிலவில் இயங்கும் தெங்கு ஆராய்ச்சி நிறுவனம், எண்ணெயும் கந்தகமும் கலந்த தெளிப்பையும், சிற்றுண்ணியைத் தின்னும் வேறொரு சிற்றுண்ணியை ஆய்வுகூடத்தில் பெருக்கித் தோட்டங்களில் விடுவதையும் முயன்றது. அந்த இரைகொல்லி இடுக்குக்குள் நுழையுமளவு தட்டையானது என்பது நம்பிக்கை தரும் செய்தி. எனினும் ஓலைவண்டை அடக்கியதுபோல் இதை ஒரேயடியாக அடக்க எவராலும் இயலவில்லை.

மறுப்பை முழுதாக ஏற்கலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் மருந்தைத் தரவில்லை, ஆனால் பல வீண் மருந்துகளைத் தடுத்தது. பூஞ்சை என்று கருதிச் செம்பு மருந்து தெளிப்பதற்கும் உரக்குறை என்று கருதிச் செலவிடுவதற்கும் அதன்பின் நியாயம் இல்லாமற்போனது. இன்னொரு பயனும் உண்டு. தென்னையின் தாயகம் ஆசிய, பசிபிக் கரைகள் ஆதலால் சிற்றுண்ணியும் அங்கிருந்தே வந்திருக்கலாம் என்று சிலர் கருதினர். 2005இல் வெளியான மரபணு ஒப்பீட்டில், அமெரிக்க மாதிரிகளில் பல்வகைமை மிகுந்தும், ஆப்பிரிக்க, ஆசிய மாதிரிகள் ஏறக்குறைய ஒன்றுபோலவும் இருந்தன. ஆகவே அது அமெரிக்கக் கண்டத்தில் வேறொரு தாவரத்திலிருந்து தென்னைக்குத் தாவி, அங்கிருந்து மிகச் சில வழிகளில் பரவியது என்பதே இப்போது வலுவான கருத்து. இயற்கை எதிரிகளை எந்தத் திசையில் தேடுவது என்பதை இது தீர்மானிக்கிறது.

பெயர் கிடைக்காமல் ஒரு நோய் எவ்வளவு காலம் மனிதரை அலைக்கழிக்கும் என்பதற்குக் கேரளத் தென்னைகளின் வேர்வாடல் நோய் சான்று. 1882இல் திருவிதாங்கூரின் ஈராட்டுப்பேட்டைப் பக்கம் முதலில் கவனிக்கப்பட்ட அதற்கு, 1908இல் ஆராய்ந்த பட்லர் பூஞ்சையைச் சந்தேகித்தார். பின்வந்தோர் பாக்டீரியா, வைரசு, நூற்புழு, மண்ணின் சத்துக்குறை என ஒவ்வொன்றையும் குற்றவாளியாக்கினர். 1983இல் மின்னணு நுண்ணோக்கியின்கீழ்தான் பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் மரத்தின் உள்நாளங்களில் தெரிந்தது. நூறு ஆண்டுகள் கடந்திருந்தன. இலங்கையில் 2006இல் மாத்தறை மாவட்டத்து வெலிகமவில் ஓலைவாடல் நோய் தலைகாட்டியபோது, இந்த நூற்றாண்டு உழைப்பு கைகொடுத்தது. அதே வகை நுண்ணுயிர் சில ஆண்டுகளுக்குள் மரபணுச் சோதனையில் அடையாளம் காணப்பட்டது. நோயுற்ற மரங்களை அகற்றுவதும், தெற்கிலிருந்து தென்னங்கன்றுகள் வெளியே செல்லாமல் தடுப்பதும் அந்த அடையாளத்தின் பலத்தில் எடுத்த நடவடிக்கைகள்.

புத்தளத்துக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. தென்னை முக்கோணம் எனப்படும் பகுதியின் ஒரு முனை இந்த மாவட்டம். ஓலை மஞ்சளாவதும் தளர்ந்து வளைவதும் வறட்சியிலும் மக்னீசியக் குறையிலும்கூட வரும். மஞ்சள் ஓலையையெல்லாம் வெலிகம நோய் என்று அஞ்சி வெட்டுவதும் தவறு. எல்லாவற்றையும் உரத்தால் தீர்க்கலாம் என்று காத்திருப்பதும் தவறு. கண்பார்வை மட்டும் இங்கே போதாது என்பதே மூன்றாம் நிலைப்பாட்டின் உரிமைக்கோரல், அது நியாயமானது. ஆனால் ஆய்வுகூடத்துக்கும் சிறு தோட்டக்காரருக்கும் இடையிலுள்ள தூரம் அதன் பலவீனம். மாதிரி எடுத்தல், அனுப்புதல், விடைக்குக் காத்திருத்தல் ஆகியவற்றுக்குள் நோய் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடக்கூடும்.

இடத்தை இனங்காணல்

நான்காவது விடைக்கு வருவோம். இதன் சான்றுகள் களப்போரங்களில் கிடக்கின்றன. 1980களிலிருந்து சிலாபம், முந்தல், புத்தளம் களப்புகளைச் சுற்றி இறால் பண்ணைகளுக்காகக் கண்டற்காடு வெட்டப்பட்டது. 1996இல் வெண்புள்ளி வைரசு நோய் தாக்கியபின் பல குளங்கள் கைவிடப்பட்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்டல் கரையைக் காக்கும் என்ற எண்ணம் ஓங்கி, நாடெங்கும் நடுகைத் திட்டங்கள் பெருகின. அவற்றின் விருப்பத்துக்குரிய மரம் ரைசோபோரா முக்ரோனேட்டா. காரணம் எளிது: அதன் விதை தாய்மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கும். அதைப் பொறுக்கிச் சேற்றில் குத்தினால் நட்டதாகிவிடும். நாற்றுமேடையும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம்.

விளைவை 2017இல் கொடிக்காரவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்டனர். நாட்டின் 23 இடங்களில் ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நடப்பட்டிருந்ததில், தேறியது 200 முதல் 220 ஹெக்டேர் மட்டுமே. 9 இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. பாதிக்குமேல் பிழைத்த இடங்கள் மூன்று: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. முதலிரண்டும் புத்தளம் மாவட்டத்தவை. தோல்வியின் தலையாய காரணமாக அவர்கள் காட்டியது, பொருந்தாத நிலமட்டத்தில் நட்டது. மாடு மிதித்தல், மேய்தல், பாசி படர்தல், பூச்சி அரித்தல் போன்றவையும் பல சமயம் இடத்தெரிவின் பிழையோடு தொடர்புடையவை என்று அவர்கள் கருதினர்.

இதைப் புரிந்துகொள்ள இலங்கைக் கரையின் ஓர் இயல்பை மனத்தில் கொள்ள வேண்டும். இங்கே கடல் ஏற்றவற்றத்தின் வேறுபாடு ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. கண்டல் இனங்கள் பொதுவாக அந்த வேறுபாட்டின் மேற்பாதியில் வாழ்பவை. பல மீட்டர் ஏற்றமுள்ள நாடுகளில் கண்டல் வாழும் பட்டை அகலமானது. இங்கே சில அங்குலம் தாழ்ந்தால் நாற்று மூழ்கி வேர் மூச்சடைக்கும். சில அங்குலம் உயர்ந்தால் கோடையில் மண்ணின் உப்பு ஏறிக் கருகும். அதோடு புத்தளம் களப்பின் தென்கோடியில் வறண்ட மாதங்களில் நீரே கடலைவிட உப்பாகிவிடும். இலையினூடாக உப்பை வெளியேற்றும் அவிசெனியா தாங்கக்கூடிய இடத்தில் ரைசோபோரா தாங்காது. செடியின் பெயரைப் பிழையின்றி அறிந்தவர் நட்டிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. அறியப்படாமல் இருந்தது இடம்.

அமெரிக்கச் சூழலியலாளர் ராபின் லூயிஸ் 2005இல் தொகுத்துரைத்த அணுகுமுறை இங்கிருந்தே தொடங்குகிறது. நீர் வந்துபோகும் வழியையும் நிலமட்டத்தையும் முதலில் சீராக்கினால், பக்கத்தில் தாய்மரங்கள் இருக்கும்வரை விதைகள் தாமே வந்து முளைக்கும். அப்படி முளைக்காதபோது மட்டும் நடவேண்டும். கைவிட்ட இறால் குளத்தில் வரம்பை வெட்டி அலையை உள்ளே விடுவது, ஆயிரம் நாற்றுக் குத்துவதைவிடப் பயன் தரலாம் என்பது இதன் உட்பொருள்.

இதற்கு மூன்று மறுப்புகள் வைக்கப்படுகின்றன. முதலாவது, அதே 2017 ஆய்வில் பிழைப்பு வீதம் நட்டபின் செய்த பராமரிப்போடும் தெளிவாக இணைந்திருந்தது. எனவே இடம் மட்டுமே எல்லாம் என்று சொல்வது மிகை. இது வலுவான மறுப்பு, ஏற்கத்தக்கது. கற்பிட்டியிலும் பம்பலவிலும் இடத்தின் பங்கு எவ்வளவு, ஆட்களின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று. இரண்டாவது, நடுகை மக்களைக் காட்டோடு பிணைக்கிறது என்பது. சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சுதீச அமைப்பு 2015 முதல் மீனவப் பெண்களுக்குச் சிறுகடனும் பயிற்சியும் தந்து கண்டலைக் காக்கச்செய்த முயற்சியும், பம்பலவில் 2016இல் திறந்த கண்டல் அருங்காட்சியகமும் இந்த வழியில் வந்தவை. நிற்கும் காட்டைக் காப்பதில் இத்தகைய பிணைப்புக்கு மாற்று இல்லை. ஆனால் தவறான சேற்றில் நட்டு, அடுத்த ஆண்டு செத்த குச்சிகளைப் பார்க்கும் ஊருக்கு அந்தப் பிணைப்பு எத்தனை நாள் நிலைக்கும் என்பதையும் எண்ண வேண்டும். மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது: குளங்களுக்குக் குத்தகைக்காரர் உண்டு, வரம்பை வெட்ட அனுமதி வேண்டும், மட்டம் அளக்கக் காலமும் பணமும் வேண்டும். சிலாபம் களப்பின் வாய்போல மணல் சேர்ந்து அடைபடும் இடங்களில் நீர்மட்டமே நிலையாக இருப்பதில்லை. இவை அந்த வழியின் செலவைக் காட்டுகின்றன. வழி தவறென்று காட்டவில்லை.

வெறும் சேறாகத் தெரியும் இடமெல்லாம் காலியிடம் அன்று என்பதையும் இந்தப் பிரிவில் சேர்க்க வேண்டும். கடற்புற்படுகையும், உப்புமண் செடிகள் படர்ந்த வெளியும், வலசைப் பறவைகள் இரை தேடும் சேற்றுத்திடலும் தமக்கென உயிர்வாழ்வு கொண்டவை. அவற்றை இன்னதென்று அறியாமல் கண்டல் நட முனைவது, இல்லாத நோய்க்கு மருந்திடுவதாகும். நடுகைத் திட்டங்களில் மிகக் குறைவாகப் பேசப்படும் பிழை இது என்பது என் கணிப்பு.

மரபணுவும் கைபேசியும்

புதிய கருவிகள் பழைய வழக்குகளைத் தீர்த்துவிட்டனவா? பெருக்கமரத்தைப் பார்ப்போம். மன்னாரிலும் புத்தளத்திலும் நிற்கும் இந்த ஆப்பிரிக்க மரத்தை அரபு வணிகர் கொண்டுவந்தனர் என்பது நிலைபெற்ற கருத்து. இபுனு பதூதா 1344இல் இந்தக் கரையில் இறங்கியவர் ஆதலால், அரபுத் தொடர்பில் ஐயமில்லை. ஆனால் தொடர்பு இருந்தது என்பதால் மரமும் அப்படியே வந்தது என்றாகாது. 2015இல் வெளியான மரபணு ஆய்வு, இந்தியத் துணைக்கண்டத்துப் பெருக்கமரங்கள் ஒரே தடவையில் வந்தவை அல்ல, நீண்ட காலத்தில் பலமுறை வந்தவை என்று காட்டியது. மேற்கு, மத்திய இந்திய மரங்கள் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு நெருங்கியவை. தென்கிழக்கு இந்திய மரங்களோ மேற்கு ஆப்பிரிக்க, மொரீசியசுப் பக்கத்து மரங்களோடு சேர்ந்தன. அவை 18, 19ஆம் நூற்றாண்டுகளின் ஐரோப்பியக் குடியேற்ற வழிகளில் வந்திருக்கக்கூடும். இலங்கை மரங்களை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்பதற்கு அந்த ஆய்வு விடை தரவில்லை. அதன் மாதிரிகள் இந்தியா, ஆப்பிரிக்கா, மஸ்கரீன் தீவுகள், மலேசியா ஆகிய இடங்களைச் சேர்ந்தவை. மரத்தின் பெயரில் யாருக்கும் ஐயமில்லாதபோதும் அதன் வரலாறு திறந்தே கிடக்கலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கைபேசிச் செயலிகள் பற்றிய கருத்துகள் இரு துருவங்களாக நிற்கின்றன. 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட், அதற்கு அடுத்த ஆண்டில் தொடங்கிய பிளான்ட்நெட் போன்றவை, முன்பு நூலும் ஆசிரியரும் இல்லாமல் முடியாத வேலையைப் பள்ளி மாணவரும் செய்ய வழிவிட்டன. இது பெரிய பேறு. ஆனால் இவை கற்பது படங்களிலிருந்து; படங்கள் குவிவது படமெடுப்போர் மிகுந்த நாடுகளில். வறண்ட கரையின் செடிகளுக்கு இவற்றின் விடை நம்பகம் குறைந்திருக்க வாய்ப்புண்டு. பாலின் எரிச்சல், பட்டையின் துவர்ப்பு, சேற்றின் உப்பு, நீரேறும் உயரம் ஆகியவை படத்தில் விழுவதில்லை. குரும்பைத் தழும்பின் மூடிக்கு அடியில் இருப்பதைக் கைபேசி காணாது. ஆயினும் இடமும் நாளும் சேர்த்துப் பதிந்து, அறிந்தவர்கள் திருத்த இடம்விடும் செயலிகளை, பேராதனைத் தாவரச் சேகரத்துக்கு உதவும் முதற்குறிப்பாகக் கொள்ளலாம்.

தீராதவை

இதுவரை பார்த்தவற்றிலிருந்து ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது இது. இனத்தின் பெயர் தீர்வைத் தந்த வழக்குகளில், நாகதாளியும் ஓலைவண்டும்போல், வெளியிலிருந்து வந்த உயிரை அதன் எதிரியைக் கொண்டு அடக்க முடிந்தது. நோயின் பெயர் தெரிந்தும் தீர்வு கிட்டாத வழக்குகளில் அந்தப் பெயர் சேதத்தைக் குறைக்கவும் பரவலைத் தடுக்கவும் பயன்பட்டது. மரத்தின் பெயரும் தெரிந்து, நோயும் இல்லாமல், நாற்று செத்த வழக்குகளில் பிழை இடத்தில் இருந்தது. எந்த வழக்கு எந்த வகை என்பதை முதலில் பிரிக்காமல் இறங்கும் திட்டம், நல்ல நோக்கம் கொண்டதாயினும், தோற்கும் வாய்ப்பே மிகுதி.

திறந்திருக்கும் கேள்விகள் பல. இரைகொல்லிச் சிற்றுண்ணியைத் தொடர்ந்து வெளியிலிருந்து விடாமல், தோட்டத்திலேயே நிலைக்கச் செய்ய முடியுமா என்பது முடிவாகவில்லை. கேரளம் வேர்வாடலைக் குணப்படுத்துவதைக் கைவிட்டு, பச்சைக் குட்டைத் தென்னைகளிலிருந்து தாங்கு வகைகளைத் தெரிந்தெடுக்கும் பாதையில் சென்றது. வெலிகம நோய் வடக்கே வருமாயின் புத்தளம் அந்தப் பாதையில் செல்ல நேரும். ஒரு தாங்கு வகையை வளர்த்தெடுக்கப் பல ஆண்டுகள் பிடிக்குமாதலால் அந்த ஆயத்தம் நோய்க்கு முன்பே தொடங்க வேண்டியது. கைவிட்ட இறால் குளங்களில் எத்தனையை மீண்டும் காடாக்கலாம், எவற்றின் மண் அதற்கும் தகுதியிழந்துவிட்டது என்பதும் குளம் குளமாகப் பார்த்தே சொல்லக்கூடியது.

2024இல் இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரி மீட்புத் திட்டங்களுள் ஒன்றாக அறிவித்தது. இந்தப் பெருமை பணத்தையும் ஆட்களையும் இந்தக் கரைக்குக் கொண்டுவரும். அந்தப் பணத்தில் ஒரு பங்கை நாற்றுக்கு முன் நிலமட்டத்துக்கும் நீர்மட்டத்துக்கும் ஒதுக்க வேண்டும். நடும் இடம் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஓராண்டு உப்பையும் நீரேற்றத்தையும் அளந்து, அங்கே முன்பே வளரும் செடிகளின் பூவும் காயும் கொண்ட மாதிரிகளை உள்ளூர்த் தமிழ், சிங்களப் பெயர்களோடு பேராதனைக்கு அனுப்பி, தோற்ற நடுகைகளின் கணக்கையும் வென்றவற்றின் கணக்கோடு சேர்த்து வெளியிட வேண்டும். திட்டங்களை நடத்தும் அமைப்புகளும் அவற்றுக்கு அனுமதி வழங்கும் திணைக்களங்களும் இதை ஒரு நிபந்தனையாகவே வைக்க வேண்டும்.